டாஃப்ட் பங்க்: முதல் ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் எடுத்த முடிவுகள் குறித்து

கோலிவாடா_இசை எழுதியது:

மும்பைத் தமிழ் இசை அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நானும் என் கல்லூரித் தோழனும் சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டு அறையிலேயே மின்னணு நடன இசை அமைத்து வருகிறோம். ஒரு மடிக்கணினியும் சிறிய கீபோர்டும் கைமாறி வந்த ஸ்பீக்கர்களும்தான் எங்கள் கருவிகள். எங்கள் டிராக்குகள் சிலவற்றை அந்தேரியிலும் லோயர் பரேலிலும் டிஜேக்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஓர் இசை நிறுவனம் மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள அழைத்திருக்கிறது. உடனே கையெழுத்திட வேண்டும் என்கிறான் தோழன். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் முன்மாதிரி டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையர். அவர்கள் 2021 பிப்ரவரியில் பிரிவதாக அறிவித்தபோது வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ரோபோத் தலைக்கவசத்தையும் 2014 கிராமி விருதையும் பற்றியே பேசின. நான் அறிய விரும்புவது 1993 முதல் 1997 வரையிலான காலத்தை. முகம் தெரியாத இரண்டு இளைஞர்களாக இருந்த அந்த நாட்களில், பெரிய நிறுவனத்திடம் போகும் முன் அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்? அந்த இடைவெளியில் எதைச் செய்துகொண்டிருந்தார்கள்? காத்திருந்தது அவர்களே எடுத்த முடிவா, வேறு வழியில்லாமல் நேர்ந்ததா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாட்டுங்கா_இசைத்தட்டு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். டெமோ கேசட்டைக் கொடுத்த நாளிலிருந்து பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆகும் வரை மூன்று ஆண்டுகள் சென்றன. அவற்றில் கடைசிப் பகுதி, நிறுவனங்கள் தேடி வந்த பிறகும் அவர்களாகவே தள்ளிப்போட்ட காலம். ஆகவே அது அவர்கள் எடுத்த முடிவுதான் என்பது என் கருத்து. எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

தோமா பங்கால்டேரும் கி-மானுவல் டி ஓமெம்-கிறிஸ்டோவும் 1987-இல் பாரிசின் லிசே கார்னோ பள்ளியில் சந்தித்தவர்கள். அவர்கள் தொடங்கியது நடன இசையில் அல்ல, கிதாரில். லோரான் பிராங்கோவிட்ஸ் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு 1992-இல் டார்லின் என்ற ராக் குழுவை அமைத்தார்கள். பீச் பாய்ஸ் குழுவின் பாடல் ஒன்றின் பெயர் அது. ஸ்டீரியோலேப் குழுவினரின் டுவோஃபோனிக் நிறுவனம் அவர்களுடைய பதிவுகளை வெளியிட்டபோது, இங்கிலாந்தின் மெலடி மேக்கர் வார இதழ் இகழ்ச்சியாக ஒரு விமர்சனம் எழுதிற்று. குழு சில மாதங்களிலேயே கலைந்தது. பிராங்கோவிட்ஸ் பின்னாளில் ஃபீனிக்ஸ் குழுவில் சேர்ந்தார். மற்ற இருவரும் அந்த விமர்சனத்தில் தங்களைத் தாழ்த்திய சொற்களையே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டு, டிரம் மெஷினும் சிந்தசைசரும் கொண்டு புதிதாகத் தொடங்கினார்கள்.

1993 செப்டம்பரில், பாரிசுக்கு அருகிலுள்ள யூரோ டிஸ்னியில் நடந்த ஒரு ரேவ் என்ற மின்னணு நடன இரவு நிகழ்ச்சியில், ஸ்லாம் என்ற கிளாஸ்கோ இரட்டையரில் ஒருவரான ஸ்டூவர்ட் மக்மில்லனிடம் அவர்கள் தங்கள் டெமோ கேசட்டைக் கொடுத்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மக்மில்லன் அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தம் எழுதுபவர் அல்லர். மேடையில் நின்று பிறருடைய டிராக்குகளை வாசித்துக் கூட்டத்தை ஆட வைப்பவர். 1991-இல் தொடங்கிய சோமா என்ற சிறிய நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். கேட்ட உடனேயே இது நடனத் தளத்தில் எடுபடுமா, எடுபடாதா என்று அறியக்கூடிய காதுக்கே கேசட் போய்ச் சேர்ந்தது.

சோமா 1994-இல் ‘தி நியூ வேவ்’ இசைத்தட்டைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. அதன் இறுதி வடிவம்தான் ‘அலைவ்’ என்ற பெயரில் பின்னர் முதல் ஆல்பத்தில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ‘டா ஃபங்க்’ வந்தது. தொடக்கத்தில் அச்சிடப்பட்டவை 2,000 தட்டுகளே. ஆனால் கெமிக்கல் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேய மின்னணு இசை இரட்டையர் போன்றவர்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் அதைத் தொடர்ந்து வாசித்தார்கள். வானொலியோ விளம்பரமோ இல்லாமல், டிஜேக்களின் தட்டுப் பெட்டிகளிலேயே அந்த டிராக் ஊர் ஊராகச் சென்றது. ஒலிப்பதிவு நிறுவனங்கள் பல திசைகளிலிருந்தும் வந்து கதவைத் தட்டியது அதற்குப் பிறகுதான்.

அப்போதுதான் அவர்கள் காத்திருந்தார்கள், ஆனால் சும்மா இருக்கவில்லை. பங்கால்டேர் 1995-இல் ரூலே என்ற தன் சொந்த லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கித் தன் பெயரில் தனி டிராக்குகளை வெளியிட்டார். தட்டை எங்கே அச்சிடுவது, எத்தனை அச்சிடுவது, கடைகளுக்கு எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் தானே செய்தறிந்த ஒருவரிடம், ‘இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, எங்களிடம் விட்டுவிடுங்கள்’ என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் ரூலேயைப் போகிறபோக்கில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விர்ஜின் என்ற பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தோடு அமர்ந்து பேசும் துணிவே அங்கிருந்துதான் வந்தது என்று நான் நம்புகிறேன். 1996-இல் பெட்ரோ விண்டர் என்ற இளைஞர் அவர்களுடைய மேலாளரானார். அவரும் பாரிசின் இரவு நிகழ்ச்சிகளை நடத்தி வந்தவரே தவிர, பெரிய நிறுவனம் நியமித்தவர் அல்லர்.

1996 செப்டம்பரில் விர்ஜினோடு ஒப்பந்தம் ஆயிற்று. பதிவுகளின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, வெளியிடும் உரிமத்தை மட்டும் விர்ஜினுக்கு அளித்தார்கள். 1997 ஜனவரியில் ‘ஹோம்வொர்க்’ வெளிவந்தது. அதன் 16 டிராக்குகளும் பாரிசில் பங்கால்டேரின் வீட்டு அறையிலேயே உருவானவை. தனித்தனித் தட்டுகளாக வெளியிடும் எண்ணத்தோடு அமைத்தவை பெருகியதால்தான் ஆல்பமாயிற்று. மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் செப்பம் மட்டும் லண்டனில் நிலேஷ் பட்டேல் என்ற பொறியாளர் கையில் நடந்தது. அந்த ஆண்டு பிரிட்டன் தரவரிசையில் ‘டா ஃபங்க்’ 7-ஆம் இடத்தையும் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ 5-ஆம் இடத்தையும் எட்டின.

காட்சிப்படங்களிலும் இதே கட்டுப்பாடு தெரிகிறது. ‘டா ஃபங்க்’ படத்தை ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கினார். நாய்த்தலை கொண்ட ஒரு மனிதன் நியூயார்க் தெருக்களில் டேப் ரெக்கார்டரோடு நடந்து போகிறான். ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ படத்தை மிஷேல் கோந்த்ரி இயக்கினார். பேஸ், டிரம் மெஷின், கிதார், கீபோர்டு, வோகோடர் கருவியால் இயந்திரக் குரலாக மாற்றிய குரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடனக் கூட்டத்தை ஒதுக்கி, பாடலின் அமைப்பையே கண்ணுக்குக் காட்டியிருப்பார். இரண்டிலும் இசையமைத்தவர்களின் முகம் இல்லை. புதிய குழுவின் முகத்தைச் சுவரொட்டியாக்க விரும்பும் வணிகத்தில் அப்படி ஒரு நிபந்தனையை நிலைநாட்ட முடிந்ததென்றால், ஒப்பந்தத்துக்கு முன்பே அவர்கள் தங்கள் நிலையை உறுதிசெய்துகொண்டிருக்க வேண்டும்.

தாராவி_கீபோர்டு எழுதியது:

தம்பி, மாட்டுங்கா நண்பர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். கோயில் கொடைகளிலும் கணபதிப் பந்தல்களிலும் நெடுங்காலமாகக் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில், கருவிகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

‘டா ஃபங்க்’ டிராக்கின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 111 அடி. அக்கால டெக்னோவோடு ஒப்பிட்டால் அது நிதானமான நடை. அமெரிக்க மேற்குக் கரை ஹிப்ஹாப்பை அவர்கள் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் பிறந்தது என்பதால் அந்த நிதானம் வந்தது. இடையில், குழைந்து குழைந்து மேலேறும் ஓர் ஒலி நுழைவதைக் கேட்டிருப்பாய். அது ரோலண்ட் டிபி-303 என்ற சிறிய பெட்டியின் ஒலி. கிதார் பழகுபவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று 1981-இல் அதை வெளியிட்டார்கள். உண்மையான பேஸ் கிதாரைப் போல அது ஒலிக்கவில்லை. ஏறத்தாழ 10,000 கருவிகளோடு 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, ஒலியின் தன்மையை மாற்றும் அதன் ஃபில்டர் திருகுகளைத் திருப்பியபடியே வாசித்தார்கள். 1987-இல் பியூச்சர் குழு வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டிலிருந்து ஒரு புதிய இசை வகையே கிளம்பியது. பாரிஸ் இளைஞர்கள் அந்தச் சிகாகோ மரபின் மாணவர்கள். ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்திலேயே ‘டீச்சர்ஸ்’ என்ற டிராக்கில் தங்கள் ஆசான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வணங்கியிருக்கிறார்கள். குருவின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பழக்கம் நமக்குப் புதிதல்லவே.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அதே டிபி-303, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, 1982-இல் இதே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் எச்எம்வி நிறுவனத்துக்காகப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். இந்தித் திரையிசையில் வாசித்து வந்தவர் அவர். நம் மோகனத்துக்கு இணையான பூபாலியும், ஹிந்தோளத்துக்கு இணையான மால்கௌன்சும் அந்த ஆல்பத்தில் உண்டு. சிகாகோவில் அந்தப் பெட்டி புகழ்பெறுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே குழைவு அதில் கேட்கிறது. ஆனால் தட்டு விற்கவில்லை. 2010-இல் ஒரு வெளிநாட்டு லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. 2015-இல் அவர் மறைந்தார்.

பெட்டியும் திறமையும் இரண்டு இடங்களிலும் இருந்தன. மும்பையில் இல்லாதது எது? அந்தத் தட்டை வாங்கி இரவில் வாசிக்க டிஜேக்கள் இல்லை. வாரந்தோறும் கூடி ஆட ஒரு கூட்டம் இல்லை. 2,000 தட்டுகள் மட்டும் அச்சிட்டு, யாரிடம் கொடுத்தால் பரவும் என்று அறிந்திருந்த சோமா போன்ற சிறிய லேபிளும் இல்லை. பெரிய நிறுவனம் மட்டுமே இருந்தது. அது வெளியிட்டது, விற்கவில்லை, மறந்துவிட்டது. சரண்ஜித் சிங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. உன் டிராக்குகளை இன்று அந்தேரியில் டிஜேக்கள் வாசிக்கிறார்கள் என்றால், அவருக்குக் கிடைக்காத ஒன்று உனக்குக் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தைவிட அந்த டிஜேக்களை நீ பெரிதாக மதிக்க வேண்டும்.

முலுண்ட்_வாசகி எழுதியது:

மாட்டுங்கா ஐயா எழுதியதிலுள்ள செய்திகளோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்காவிட்டால், கேள்வி கேட்டவருக்குத் தவறான ஊக்கம் கிடைத்துவிடும்.

தோமா பங்கால்டேரின் தந்தை டேனியல் வங்கார்ட் என்ற புனைபெயரில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புகழ்பெற்ற பாடலாசிரியராகவும் தயாரிப்பாளராகவும் விளங்கியவர். ஓட்டவான் குழு 1979-இல் பாடி உலகெங்கும் ஒலித்த ‘டி.ஐ.எஸ்.சி.ஓ.’ அவருடையது. ‘டிஸ்கோ டான்சர்’ படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி ஜிம்மி ஆஜா’ பாடலை நம்மில் கேட்காதவர் இருக்க முடியாது. அதன் மெட்டும் அவர் உருவாக்கி ஓட்டவான் பாடிய ஒரு பிரெஞ்சுப் பாடலைத் தழுவியதே. ஆக, மும்பையின் மணமேடைகள் இன்றும் ஆடுகிற ஒரு மெட்டின் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தவர்தான் அந்த இளைஞர்களில் ஒருவர்.

மூன்று ஆண்டுகள் காத்திருப்பதற்கு ஓர் அறை வேண்டும்; அந்த அறைக்கு வாடகை கட்ட யாராவது வேண்டும்; ‘இன்னும் எத்தனை நாள் இப்படி’ என்று கேட்காத குடும்பம் வேண்டும். சயானில் பத்துக்குப் பத்து அறையில், காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டிய தந்தை உறங்கும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இசை அமைக்கும் பிள்ளைகளிடம், ‘பாரிசில் காத்திருந்தார்கள், நீங்களும் காத்திருங்கள்’ என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. முன்பணம் என்பது சில வீடுகளில் தங்கையின் கல்லூரிக் கட்டணம். தோழன் உடனே கையெழுத்திடத் துடிப்பதற்கு அப்படி ஒரு காரணம் இருக்குமானால், அதை அவசரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் அவரிடமே கேளுங்கள்.

கோலிவாடா_இசை எழுதியது:

அண்ணாச்சி, மாட்டுங்கா ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னதுதான் உண்மை. தோழன் வீட்டில் பணத் தேவை இருக்கிறது, அதை அவன் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. நேற்று இரவு பேசினோம். ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கிறேன். நீண்ட காலம் காத்திருக்க முடியாதவர்கள், கொஞ்சம் பணமும் பெற்று, டாஃப்ட் பங்க் செய்ததைப் போல உரிமையையும் கையில் வைத்துக்கொள்ள வழி உண்டா? ஒப்பந்த வரைவில் ‘எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகவும் உலகம் முழுமைக்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

செம்பூர்_ஒப்பந்தம் எழுதியது:

பதிப்புரிமை ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பது என் தொழில் என்பதால் இதற்கு நான் விடை எழுதுகிறேன். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். இங்கே எழுதுவது அடிப்படையை விளக்குவதற்கு மட்டுமே.

ஒரு டிராக்கில் இரண்டு சொத்துகள் அடங்கியுள்ளன: நீங்கள் அமைத்த இசை ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர்; தயாரிப்பாளர் என்பவர் பதிவை முன்னின்று, பொறுப்பேற்றுச் செய்து முடித்தவர். உங்கள் அறையில், உங்கள் கருவியில், உங்கள் செலவில் செய்த பதிவுக்கு நீங்கள் இருவரே தயாரிப்பாளர்கள். பங்கால்டேரின் அறையில் பதிவானவை அவர்களிடமே தங்கியதற்கும் இதுவே அடிப்படை. நிறுவனத்தின் ஸ்டூடியோவில் நிறுவனத்தின் பணத்தில் பதிவு செய்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். மாட்டுங்கா நண்பர் ரூலே லேபிளுக்குக் கொடுத்த முக்கியத்துவத்தை நான் அந்த அறைக்குக் கொடுப்பேன்.

அடுத்து, உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுப்பதும், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் அளிப்பதும் வெவ்வேறு. விர்ஜினுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. நம் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையை நிறுவனம் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகும். உங்கள் வரைவிலுள்ள ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுமைக்கும்’ என்ற சொற்கள் இந்தப் பாதுகாப்புகளை நீக்குவதற்காகவே எழுதப்படுபவை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பாளருக்கு உரிய ராயல்டிப் பங்கை ஒப்பந்தத்தின் மூலம்கூட விட்டுக்கொடுக்க வைக்க முடியாது. ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி உங்கள் படைப்புகளைப் பதிந்து வைத்தால் அந்தத் தொகை வசூலாகும்.

நீங்கள் கேட்ட நடுவழி உண்டு. மூன்று ஆல்பங்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே முடித்து வைத்துள்ள ஒன்றிரண்டு டிராக்குகளுக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, சிறிய முன்பணத்தோடு உரிமம் தருவதாகக் கேளுங்கள். நிறுவனத்துக்கு உண்மையில் உங்கள் இசை வேண்டுமென்றால் அதைப் பேசத் தயாராக இருக்கும். உங்கள் இருவருக்கும் இடையேயும் எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

மாட்டுங்கா_இசைத்தட்டு எழுதியது:

முலுண்ட் சகோதரி சொன்ன தந்தையின் பங்கை நான் ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம் சேர்க்க அனுமதியுங்கள். வங்கார்ட் மகனுக்குக் கொடுத்தவற்றில் பணத்தைவிட முக்கியமானது, ஒலிப்பதிவுத் தொழில் எப்படி நடக்கிறது, உரிமை எங்கே கைமாறுகிறது என்ற அறிவு. பணத்தைவிடக் கட்டுப்பாட்டையே தேர்ந்தெடுத்ததாக பங்கால்டேர் அக்காலப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் எடைபோட அவருக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. செம்பூர் நண்பர் இங்கே எழுதியது அதே அறிவுதான். வாடகையை நம்மால் தர முடியாது. இதை நம்மால் தர முடியும்.

இன்னொரு செய்தி. இந்த ஒப்பந்தப் பேச்சு நீளும் காலத்திலும் டிராக்குகளை டிஜேக்களுக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள். 1996-இல், விர்ஜினோடு கையெழுத்திடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, டாஃப்ட் பங்க் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு திறந்தவெளி ரேவ் விழாவில் முகமூடி எதுவும் இல்லாமல் நேரடியாக வாசித்தார்கள். பெரிய நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்த நாட்களிலும் அவர்கள் நடனத் தளத்தை விட்டு விலகவில்லை.

கோலிவாடா_இசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு டிராக்குகளுக்கு மட்டும், மூன்று ஆண்டு உரிமம் என்று கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். முன்பணம் வந்தால் முதலில் தோழன் வீட்டுக்கே போகட்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்களுக்குள்ளான உடன்பாட்டு வரைவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். செம்பூர் ஐயா அதை ஒருமுறை படித்துப் பார்க்க இசைந்தால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

செம்பூர்_ஒப்பந்தம் எழுதியது:

அனுப்புங்கள். டிராக்குகளின் மூலக் கோப்புகள் யாருடைய கணினியில் இருக்கின்றன என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.